வெளிநாட்டு வேலைக்கு முதல் நீண்ட விமானப் பயணம்: சேரும் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முழு வழிகாட்டி

வேலை உறுதியாகி ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. இனி அலுவலகத்தில் முதல் நாள் போய் உட்காரும் வரை என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். விசா வருவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியை நிரப்பிவிட்டு மிஞ்சியதைக் கைப்பையில் திணிப்பார்கள். இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தால் பாதிச் சிக்கல் வந்தே இருக்காது.

## 1. முதலில் தேதிகள்

ஒரு தாளில் மூன்று தேதிகளை எழுதுங்கள்: வேலையில் சேர வேண்டிய நாள், விசா செல்லுபடியாகத் தொடங்கும் நாள், அந்த விசாவில் நாட்டுக்குள் நுழையக் கடைசி நாள். பயணம் இவற்றுக்குள் அடங்க வேண்டும்.

புறப்படும் தேதியை விசாவோடு ஒப்பிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒப்பிட வேண்டியது போய் இறங்கும் தேதியை, அதுவும் அந்த ஊர் நேரப்படி. விசா தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னால் இறங்குவதாக இருந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

சேரும் நாளுக்குக் குறைந்தது இரண்டு முழு நாள் முன்னதாக இறங்குங்கள். நேர வித்தியாசம் ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மூன்று நான்கு நாள் நல்லது. ஒரு மணி நேர வித்தியாசம் பழக உடலுக்குத் தோராயமாக ஒரு நாள் ஆகும். பெட்டி தாமதமானாலும் அடுத்த விமானத்தைத் தவறவிட்டாலும் இந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

விடுமுறை நாளில் இறங்கினால் ஓய்வெடுக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் இறங்குவதே மேல் என்பேன். சிம் கார்டு, வங்கி, வீட்டுச் சாவி என்று எதற்கு அலைந்தாலும் அன்றைக்கு ஆள் இருப்பார்கள்.

விசா கைக்கு வரும் வரை இப்போதைய வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

## 2. டிக்கெட்: விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரே முன்பதிவாக எடுங்கள். இரண்டு விமானம் மாறிப் போவதாக இருந்தால் இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது அப்போது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. புது டிக்கெட்டுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்காகவே இடை நாட்டின் விசாவும் தேவைப்படலாம்.

இடை நாட்டின் விதியைப் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் சில நாடுகள் சில குடியுரிமையாளர்களிடம் டிரான்சிட் விசா கேட்கின்றன. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட விசாவோ முன் அனுமதியோ வேண்டும். விலை மலிவாக இருக்கும் பாதையில் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கும்.

இடைவெளி. ஒன்றேகால் மணி நேரக் கனெக்ஷனை நிறுவனமே விற்கும். முதல் முறை போகிறவருக்கு இரண்டரை முதல் நான்கு மணி நேரம்தான் சரி. பெரிய விமான நிலையங்களில் மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்று, ரயிலேறி அடுத்த டெர்மினலுக்குப் போக வேண்டியிருக்கலாம்.

பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பதை அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும்.

நள்ளிரவுத் தேதி. ஆண்டுதோறும் பலர் விமானத்தைக் கோட்டைவிடுவது இதில்தான். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு. 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் பறந்து கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். காலண்டரில் விமான நேரத்தைக் குறிக்காதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் கிழமையையும் நேரத்தையும் குறியுங்கள்.

டிக்கெட்டை நிறுவனமே எடுத்துக் கொடுத்தாலும் மேலே சொன்ன எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். எச்.ஆரில் இருப்பவர் உங்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்வதில்லை.

## 3. காகிதங்கள்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. வெற்றுப் பக்கம் இரண்டாவது இருக்கட்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பியுங்கள். விசா அந்தப் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது.

விசாவில் உள்ள நிறுவனத்தின் பெயர், வேலையின் பெயர், வகை ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு வைத்து வரி வரியாகப் பாருங்கள். “இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் விமானம் ஏறாதீர்கள். அந்த நாட்டின் சட்டத்தில் உண்மையிலேயே அப்படி வழி இருக்கிறதா என்று அதன் தூதரகத்தில் கேட்டுத் தெளிவாகும் வரை டிக்கெட்டைத் தொட வேண்டாம். வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் போய் மாட்டிக்கொண்டால் சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கப் பயப்பட வேண்டிய நிலை வரும். ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான்.

கல்விச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அங்கே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காகத் தரும் சான்று) தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டின் அதிகாரிதான் அந்த முத்திரையைத் தர முடியும். போன பிறகு தேவைப்பட்டால் ஆவணங்களைத் திருப்பி அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்ததும் மூன்று இடங்களில் வையுங்கள்: அசல் கைப்பையில், நகல் பெரிய பெட்டியில், ஸ்கேன் போனுக்குள். இணையம் இல்லாமலே திறக்கும்படி போனில் சேமியுங்கள். விமான நிலைய வைஃபை பல இடங்களில் எஸ்.எம்.எஸ்ஸில் குறியீடு அனுப்பும். சிம் வேலை செய்யாத நேரத்தில் மின்னஞ்சலுக்குள்ளும் போக முடியாது.

இவற்றோடு ஒரே ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட் எண், விசா எண், விமான எண்கள், தங்கப்போகும் முழு முகவரி, நிறுவன முகவரி, அழைத்துப்போக வருபவரின் பெயரும் எண்ணும், வீட்டில் ஒருவரின் எண். நுழைவுப் படிவத்தில் கேட்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான். போன் அணைந்துபோனாலும் இந்தத் தாள் உங்களைக் கரை சேர்க்கும்.

## 4. கைப்பையை முதலில் அடுக்குங்கள்

ஒரே ஒரு கேள்வியை வைத்து அடுக்கலாம்: பெரிய பெட்டி ஐந்து நாள் வராவிட்டால் நான் வேலைக்குப் போய்விட முடியுமா? போக முடியும் என்றால் கைப்பை சரி.

அப்படியானால் உள்ளே இருக்க வேண்டியவை: அசல் ஆவணங்கள், அலுவலகத்துக்குப் போட்டுப்போக ஒரு முழு உடை, இரண்டு நாள் உள்ளாடை, மருந்து, மூக்குக் கண்ணாடி, லேப்டாப், சார்ஜர், அந்த நாட்டுப் பிளக் அடாப்டர், பேனா, மெல்லிய ஸ்வெட்டர். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பயணத்தில் கண்ணாடியே போடுங்கள், கேபின் காற்றில் கண் வறண்டுவிடும்.

பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கிறார்கள், சரக்கு அறையில் இல்லை. 100 வாட்-அவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்னாற்றலின் அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. கணக்கு எளிது: 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர். அளவு அச்சழிந்து போயிருந்தால் சோதனையில் பிடுங்கி வைக்க வாய்ப்புண்டு. 2025 முதல் பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே தடுத்துவிட்டன. அதனால் போனை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

திரவம், கிரீம், பேஸ்ட் எல்லாம் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேற்படாத குப்பிகளில்தான் இருக்கலாம். பாதி தீர்ந்த 200 மில்லி குப்பியும் கூடாது, அவர்கள் பார்ப்பது குப்பியின் கொள்ளளவை.

மருந்தில் கவனமாக இருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவை பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

## 5. பெரிய பெட்டி

சில பாதைகளில் மொத்த எடைதான் கணக்கு, சிலவற்றில் பெட்டி எண்ணிக்கை. இரண்டு பெட்டிக்கு தலா 23 கிலோ என்றால், ஒன்றில் 26 மற்றதில் 20 வைத்துச் சமாளிக்க முடியாது. 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியை எங்கும் வாங்குவது அபூர்வம், தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது.

மூடும் முன் உள்ளிருப்பதைப் போனில் படமெடுங்கள், மூடிய பிறகு வெளிப்புறத்தையும். தொலைந்தால் நிறமும் வடிவமும் கேட்பார்கள். வெளியே ஒட்டிய சீட்டு கிழிந்தாலும் தெரியும்படி உங்கள் பெயரும் எண்ணும் எழுதிய தாள் ஒன்றைப் பெட்டிக்குள் மேலாக வையுங்கள்.

அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள். நெருங்கிய உறவினரே கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, நீங்களே அடுக்கினால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சுங்கத்தில் அந்தப் பெட்டிக்கு முழுப் பொறுப்பு உங்களுடையது. போதைப்பொருள் சட்டம் கடுமையான நாடுகளில் “எனக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடாது.

## 6. கடைசி மூன்று நாள்

இப்போதைய சிம்மில் ரோமிங்கைப் போட்டுவிடுங்கள். வங்கி ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும், அது வராவிட்டால் உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குக் கார்டைத் திறந்து வையுங்கள். போன் இ-சிம்மை (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) ஏற்கும் என்றால் இங்கிருந்தே நிறுவிக்கொண்டு போங்கள்.

முதல் சம்பளம் வர ஒரு மாதம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். வாடகை முன்பணத்தையும் அந்த ஒரு மாதச் செலவையும் ஏற்பாடு செய்துகொண்டே கிளம்புங்கள். முழுவதையும் ரொக்கமாகச் சுமக்க வேண்டாம். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு எந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்டு, அதுவரைக்கும் பயணக் காப்பீடு எடுங்கள்.

கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் மூன்று நாளும் நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்து முன்னதாக எழுந்திருங்கள். மேற்கே போகிறவர்கள் அதே அளவு தள்ளிப்போடுங்கள். கடைசி இரவு முழுக்க விழித்துப் பெட்டி கட்டிவிட்டு விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் வேண்டாம்.

## 7. விமான நிலையத்தில்

மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும், புது விசாவில் போகிறவரின் ஆவணங்களைக் கவுண்டரில் பார்த்துத்தான் விடுவார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் குடியுரிமைக்கும் நாட்டுக்கும் உரிய விதியைப் பார்ப்பார்கள். தகுதியில்லாத பயணியைக் கொண்டுவந்தால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும், அதனால்தான் இவ்வளவு துருவுகிறார்கள்.

“ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்” என்று இங்கே கேட்டதும் தரையில் மண்டியிட்டுப் பெரிய பெட்டியைத் திறப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். துணிகளுக்கு அடியில் கோப்பு இருக்கும். பின்னால் வரிசை முணுமுணுக்கும், பதற்றத்தில் பெட்டி மறுபடி மூடாது. மேலே அசல்கள் கைப்பையில் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பெட்டியை ஒப்படைத்ததும் அதில் சுற்றும் சீட்டைப் பாருங்கள். பெரிதாக மூன்றெழுத்து அச்சிட்டிருக்கும், அது இறங்கும் விமான நிலையத்தின் குறியீடு. நீங்கள் கடைசியாக இறங்கும் ஊரின் குறியீடுதானா? இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் உள்ளூர் விமானம் மாறும்போது பெரும்பாலும் முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். “பெட்டியை எங்கே எடுக்க வேண்டும்?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். கையில் தரும் சிறு ரசீதைப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். பத்து இலக்க எண்ணோடு இருக்கும் அது இல்லாமல் பெட்டியைத் தேடுவது கடினம்.

பிறகு இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை. அதிகாரி கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். முடிந்ததும் முதலில் விமானம் ஏறும் வாயிலான கேட்டைக் கண்டுபிடித்துவிட்டு, கடைகளைப் பிறகு பாருங்கள்.

## 8. விமானத்துக்குள்

உட்கார்ந்ததும் கடிகாரத்தை இறங்கும் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். அங்கே இரவாக இருக்கும்போது தூங்குங்கள், பகலாக இருக்கும்போது விழித்திருங்கள். சாப்பாட்டு வண்டி வருகிறதே என்பதற்காக எழுந்திருக்க வேண்டியதில்லை.

கேபின் அழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தொண்டை வறளும், சோர்வு கூடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். மதுவைத் தவிருங்கள், அது தூக்கத்தைத் தருவதுபோல் தந்து பாதியில் கலைத்துவிடும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இரட்டிப்பாகும் என்று உலகச் சுகாதார அமைப்பின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவருக்கு அது ஏறத்தாழ 6,000-இல் ஒருவர் என்ற அளவுதான். பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். அடித்துப்போட்டதுபோல் தூங்கவைக்கும் மாத்திரை வேண்டாம் என்பதும் இதனால்தான். முன்பே ரத்த உறைவு வந்தவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கத் தொடங்கும்போது தூங்காதீர்கள். விழித்திருந்து எச்சில் விழுங்கினால் காது அடைப்பு குறையும்.

விமானம் மாறும் இடத்தில் முதல் வேலை, திரையில் அடுத்த விமானத்தின் கேட் எண்ணைப் பார்ப்பது. போர்டிங் பாஸில் அச்சிட்ட எண் மாறியிருக்கலாம். கேட்டுக்கு அருகில் போய் உட்கார்ந்த பிறகு சாப்பாடு, போன் எல்லாம்.

## 9. இறங்கியதும்

இமிகிரேஷனில் முத்திரை குத்திக் கொடுத்ததும் நகராமல் ஒரு நொடி பாருங்கள்: தேதி, விசா வகை, எத்தனை நாள் தங்கலாம் என்ற குறிப்பு. தவறு இருந்தால் அந்த மேசையில் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். வெளியே வந்த பிறகு அதற்கு விண்ணப்பமும் வாரங்களும் வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகாதீர்கள். அந்தக் கூடத்திலேயே உள்ள லக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தைப் பதிந்து, குறிப்பு எண்ணை வாங்குங்கள். உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. தாமதத்தால் வாங்க நேர்ந்த உடை, சோப்பு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அழைத்துப்போக வருகிறவரிடம், நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பு, அவருடைய பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, உங்கள் தாளில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள். பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் இருப்பது மட்டும் போதாது. வண்டியில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

## 10. வேலையில் சேரும் வரை

நேர வித்தியாசத்தால் தூக்கம் குழம்பும் ஜெட்லாக்குக்கு வெளிச்சம்தான் முதல் மருந்து, ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பது முக்கியம். வழக்கமாகக் காலை ஆறுக்கு எழுகிறவர் கிழக்கே ஆறு மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் போனால், முதல் நாள் அங்கே காலை பத்து மணி வரை அவர் உடலுக்கு நள்ளிரவு தாண்டிய பொழுதுதான். அதற்கு முன் வெயிலில் நின்றால் உடல் கடிகாரம் எதிர்த்திசையில் தள்ளும். பத்துக்குப் பிறகு வெளியே நடந்தால் சரியான பக்கம் திரும்பும். மேற்கே போனவர் மாலை வெளிச்சத்தில் இருந்துவிட்டு, தூக்கம் வந்தாலும் அந்த ஊர் இரவு வரை தாக்குப்பிடிக்க வேண்டும். பகலில் தாங்க முடியாவிட்டால் அலாரம் வைத்து அரை மணி நேரம் மட்டும் படுங்கள்.

இரண்டாம் நாள், அலுவலகம் போகும் வழியை அதே காலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

குடியிருப்பு அனுமதி பதிவுக்காக நிறுவனம் பாஸ்போர்ட் கேட்டால் கொடுக்கலாம். எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். “பாதுகாப்புக்காக நாங்களே வைத்துக்கொள்கிறோம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொழிலாளியின் அடையாள ஆவணத்தைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் நாட்டுத் தூதரகத்தின் எண்ணை இறங்கிய அன்றே போனில் சேமித்து, அந்த ஒற்றைத் தாளிலும் எழுதிவையுங்கள். தூதரகத்தில் குடிமக்கள் பதிவு வசதி இருந்தால் வேலையில் சேரும் முன்பே பதிந்துவிடுங்கள்.